வேலை நேரம் நம் கையில் இருந்தால்...

‘ஆடிக் கறக்கிற மாட்டை ஆடிக் கறக்க வேண்டும், பாடிக் கறக்கிற மாட்டைப் பாடிக் கறக்க வேண்டும்’ என்று ஊரில் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். மாட்டுக்கு மாடு குணம் வேறுபடும்போது மனிதருக்கு மனிதர் வேறுபடாமல் இருக்குமா? ஆனாலும் அலுவலகங்களும் ஆலைகளும் நெடுங்காலம் எல்லோரையும் ஒரே விதமாகத்தான் வேலை வாங்கி வந்திருக்கின்றன. காலை ஒன்பதரைக்குக் கையெழுத்து, மாலை ஐந்தரைக்கு விடுதலை, பத்து நிமிடம் தாமதமானால் வருகைப் பதிவேட்டில் சிவப்பு மை. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும் சரி, மழையில் தண்டவாளம் மூழ்கினாலும் சரி, விதி ஒன்றுதான்.

பிழைப்புக்காக ஊரை விட்டு வந்து மும்பையில் குடியேறிய நமக்கு இதன் கனம் சற்று அதிகமாகவே தெரியும். பிள்ளையைப் பார்த்துக்கொள்ளப் பாட்டி பக்கத்துத் தெருவில் இல்லை. அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று திருநெல்வேலியிலிருந்து போன் வந்தால், எடுக்கிற நான்கு நாள் விடுப்பில் பாதி ரயிலிலேயே கழிந்துவிடும். டோம்பிவிலியிலிருந்து ஃபோர்ட் பகுதிக்குப் போய் வருகிறவருக்கு வீட்டு வாசலிலிருந்து கணக்கிட்டால் தினம் ஏறத்தாழ மூன்று மணி நேரம் வழியிலேயே கரைகிறது. ஆகவே ‘வேலை நேரத்தையும் இடத்தையும் கொஞ்சம் நெகிழ்த்தினால் என்ன?’ என்ற கேள்வி நிர்வாகவியல் வகுப்பறைக்கு மட்டும் உரியதன்று. நம் வீட்டு அடுக்களையிலும் அது நாள்தோறும் எழுகிற கேள்வி.

நெகிழ்வு என்பதில் பல வகை உண்டு. வருகிற நேரத்தையும் போகிற நேரத்தையும் ஊழியரே ஓர் எல்லைக்குள் தேர்ந்துகொள்வது நெகிழ்நேர முறை. வீட்டிலிருந்தே வேலை செய்வது இன்னொன்று. வாரத்தில் சில நாள் அலுவலகம், சில நாள் வீடு என்பது கலப்பு முறை. ஆறு நாள் வேலையை ஐந்து நாளில் முடித்துவிடுவது சுருக்கிய வாரம். பகுதி நேர வேலை, ஷிப்டு மாற்றிக்கொள்ளும் வசதி ஆகியவையும் இதில் அடங்கும். இவற்றால் வேலையில் ஊக்கம் பிறக்கிறதா, அல்லது ‘கண்காணிப்பு இல்லாவிட்டால் யாரும் வேலை பார்க்க மாட்டார்கள்’ என்று சில மேலதிகாரிகள் சொல்வதுதான் சரியா? இதைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

வாசலில் நெரிசல், அதற்கொரு வழி

நெகிழ்நேர முறை பரவியதற்குத் தொழிலாளர் நலம் முதற் காரணமாக இருக்கவில்லை. போக்குவரத்து நெரிசல்தான் காரணம். மேற்கு ஜெர்மனியில் மியூனிக் நகருக்கு அருகே ஓட்டோபுரூன் என்னும் இடத்தில் ஒரு விமானத் தயாரிப்பு நிறுவனம் இருந்தது. பின்னாளில் மெஸ்ஸர்ஷ்மிட்-பொல்கோ-புளோம் என்று பெயர் பெற்றது அதுதான். ஆயிரக்கணக்கான ஊழியர்கள் ஒரே நேரத்தில் வாசலுக்கு வந்து சேர, சாலைகள் அடைத்துக்கொண்டன. 1967இல் நிறுவனம் ஒரு மாற்றம் செய்தது. நடுப்பகுதியில் சில மணி நேரம் எல்லோரும் கட்டாயம் இருக்க வேண்டும். அதற்கு முன்னும் பின்னும் அவரவர் வசதிப்படி வரலாம், போகலாம். மொத்த மணிக்கணக்கு குறையக் கூடாது, அவ்வளவுதான். இந்த யோசனைக்கு வித்திட்டவர் கிறிஸ்டல் காமரர் என்னும் ஜெர்மானியப் பெண்மணி. பிள்ளை குட்டிகள் உள்ள பெண்களும் வேலைக்கு வர இப்படி ஒரு முறை வேண்டும் என்பது அவருடைய கருத்து.

நம் மும்பைக்கும் இந்தக் கதை பொருந்தும். லோக்கல் வண்டிகளில் காலை நெரிசலைத் தணிக்க அலுவலக நேரங்களை மாற்றி மாற்றி வையுங்கள் என்று மத்திய ரயில்வே 2023இல் நகரத்து நிறுவனங்களைக் கேட்டுக்கொண்டது. ஓட்டோபுரூனில் வாசலில் நின்ற நெரிசல் இங்கே வண்டியின் கதவில் தொங்குகிறது.

நிறைவு வேறு, ஊக்கம் வேறு

வேலையில் மனநிறைவு, வேலையில் ஊக்கம் என்ற இரண்டையும் நாம் பேச்சுவாக்கில் ஒன்றாகவே சொல்லிவிடுகிறோம். இவை ஒன்றல்ல என்று காட்டியவர் அமெரிக்க உளவியலாளர் பிரடெரிக் ஹெர்ஸ்பெர்க். பிட்ஸ்பர்க் வட்டாரத்தில் சுமார் 200 பொறியாளர்களையும் கணக்காளர்களையும் பேட்டி கண்டு, 1959இல் தம் முடிவுகளை நூலாக வெளியிட்டார். வேலையில் எப்போது மகிழ்ந்தீர்கள், எப்போது வெறுத்தீர்கள் என்று அவர் கேட்டபோது, இரண்டுக்கும் வெவ்வேறு காரணங்கள் வந்தன.

சம்பளம், வேலைச் சூழல், நிர்வாக விதிகள், மேலதிகாரியின் போக்கு ஆகியவை சரியில்லாவிட்டால் மனிதர் வெறுப்படைகிறார். ஆனால் இவை சரியாக இருப்பதாலேயே அவர் உற்சாகமாக உழைத்துவிடுவதில்லை. உற்சாகம் பிறப்பது வேறு இடத்தில்: சாதித்தோம் என்ற உணர்வு, பிறர் பாராட்டு, பொறுப்பு, வளர்ச்சி, வேலையிலேயே உள்ள சுவை. சாப்பாட்டில் உப்பு இல்லையென்றால் முகம் சுளிக்கிறோம். உப்பு சரியாக இருக்கிறது என்பதற்காக மட்டும் யாரும் இன்னொரு முறை சோறு கேட்பதில்லை அல்லவா?

நெகிழ்வான வேலை முறை இந்த இரண்டில் எதில் சேரும்? அது கொடுக்கப்படும் விதத்தைப் பொறுத்தது. ‘சரி, பத்து மணிக்கு வந்து தொலை’ என்று சலித்துக்கொண்டு கொடுத்தால் அது வெறும் சலுகை. வெறுப்பு ஒன்று குறையும். அதற்கு மேல் பயன் இல்லை. ‘இந்த வேலை உங்கள் பொறுப்பு, வெள்ளிக்கிழமைக்குள் முடிய வேண்டும், எப்போது செய்வது என்பதை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்’ என்று ஒப்படைத்தால் அது பொறுப்பாக மாறுகிறது. நம்மை நம்புகிறார்கள் என்ற எண்ணம் வருகிறது. ஊக்கம் அங்கேதான் முளைக்கிறது.

ஷாங்காயில் செய்து பார்த்தார்கள்

வாதம் இருக்கட்டும், செய்து பார்த்தவர்கள் உண்டா என்று கேட்கலாம். உண்டு. சீனாவின் பெரிய பயண ஏற்பாட்டு நிறுவனமான சிட்ரிப், தன் ஷாங்காய் தொலைபேசிச் சேவை மையத்தில் 2010 இறுதியில் ஒரு சோதனை தொடங்கியது. ஸ்டான்போர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் நிக்கோலஸ் புளூமும் அவர் குழுவினரும் அதை ஆராய்ந்தார்கள். வீட்டிலிருந்து வேலை செய்ய விரும்புகிறவர் யார் என்று கேட்டபோது ஏறத்தாழ பாதிப் பேர் கை தூக்கினார்கள். தனி அறை, இணைய வசதி, குறைந்தது ஆறு மாத அனுபவம் ஆகிய தகுதிகள் இருந்தவர்கள் 249 பேர். பிறந்த தேதி இரட்டைப்படையா ஒற்றைப்படையா என்று பார்த்து அவர்களை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவினர் வாரத்தில் நான்கு நாள் வீட்டிலிருந்து வேலை செய்தார்கள். மற்றவர்கள் வழக்கம்போல் அலுவலகத்தில். ஷிப்டு, மேலதிகாரி, கருவிகள் எல்லாம் இரு சாராருக்கும் ஒன்றே.

ஒன்பது மாதம் கழித்துக் கணக்குப் பார்த்தபோது, வீட்டிலிருந்தவர்களின் வேலைத்திறன் 13 சதவீதம் கூடியிருந்தது. அதில் பெரும்பகுதி, அதாவது 9 சதவீதம், இடைவேளையும் நோய் விடுப்பும் குறைந்து கூடுதல் நேரம் வேலை செய்ததால் வந்தது. அமைதியான சூழலில் நிமிடத்துக்கு அதிக அழைப்புகளைக் கவனித்ததால் வந்தது மீதி. வேலையை விட்டுப் போகிறவர்கள் எண்ணிக்கை பாதியாகக் குறைந்தது. மனநிறைவும் கூடியதாக அவர்களே தெரிவித்தார்கள்.

இத்துடன் முடிந்திருந்தால் ‘எல்லோரும் வீட்டிலேயே இருங்கள்’ என்று சொல்லிவிடலாம். ஆனால் இன்னும் இரண்டு செய்திகள் வெளிவந்தன. ஒன்று, வீட்டிலிருந்தவர்கள் நன்றாக வேலை செய்தும், அதே அளவு திறமை காட்டிய அலுவலகத்தாரைவிட அவர்களுக்குப் பதவி உயர்வு குறைவாகவே கிடைத்தது. கண்ணில் படாதவர் கருத்திலும் படவில்லை. இரண்டு, தனிமை. சோதனை முடிந்து ‘இனி உங்கள் விருப்பம்’ என்று நிறுவனம் அறிவித்தபோது, பாதிக்கு மேற்பட்டோர் தங்கள் இடத்தை மாற்றிக்கொண்டார்கள். வீட்டிலிருந்த பலர் அலுவலகத்துக்குத் திரும்பினார்கள். அப்படி அவரவர் தமக்குப் பொருந்தியதைத் தேர்ந்துகொண்ட பிறகு பலன் 13 சதவீதத்திலிருந்து 22 சதவீதமாக உயர்ந்தது! வீடு நல்லதா, அலுவலகம் நல்லதா என்பதைவிட, தேர்ந்தெடுக்கும் உரிமை ஊழியரிடம் இருப்பதுதான் முக்கியம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

அதே நிறுவனம், டிரிப்.காம் என்ற பெயரில், 2021-22இல் மறுபடியும் ஒரு சோதனை நடத்தியது. இம்முறை 1,612 பேர். அவர்களில் ஒரு பிரிவினருக்குப் புதனும் வெள்ளியும் வீட்டிலிருந்து வேலை, மற்ற நாட்களில் அலுவலகம். பதவி விலகல் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. பெண்களிடமும் நெடுந்தூரம் பயணம் செய்கிறவர்களிடமும் இந்தக் குறைவு தெளிவாகத் தெரிந்தது. வேலைத் தரத்திலோ பதவி உயர்விலோ எந்தக் குறைவும் இல்லை. முதல் சோதனையில் கண்ட தனிமையும் மறக்கப்படுதலும் கலப்பு முறையில் பெரும்பாலும் நீங்கிவிட்டன. இம்முடிவுகள் 2024இல் ‘நேச்சர்’ இதழில் வெளிவந்தன.

கைப்பிடி யாரிடம்?

‘இதெல்லாம் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிறவர்களுக்கு, ஆஸ்பத்திரி நர்சுக்கும் கடைச் சிப்பந்திக்கும் டிரைவருக்கும் என்ன?’ என்று வாசகர்கள் கேட்பது காதில் விழுகிறது. நியாயமான கேள்வி. அவர்களால் வேலையை வீட்டுக்குக் கொண்டுபோக முடியாதுதான். ஆனால் நேரத்தின் மீது ஓரளவு உரிமை அவர்களுக்கும் கொடுக்க முடியும்.

அமெரிக்காவில் கேப் என்னும் துணிக்கடை நிறுவனம் சான்பிரான்சிஸ்கோ, சிகாகோ பகுதிகளில் உள்ள 28 கடைகளில் 2015-16இல் ஓர் ஆய்வுக்கு இடம் கொடுத்தது. எல்லாக் கடைகளிலும் ஊழியருக்கு வேலை அட்டவணை இரண்டு வாரம் முன்பாகவே தெரிவிக்கப்பட்டது. சில கடைகளில் நாளுக்கு நாள் மாறாத ஷிப்டு நேரம், தமக்குள் ஷிப்டு மாற்றிக்கொள்ளும் வசதி ஆகியவையும் கிடைத்தன. அந்தக் கடைகளில் விற்பனை சுமார் 7 சதவீதம் உயர்ந்தது. நாளை எத்தனை மணிக்கு வேலை என்று தெரிந்தால் போதும், மனிதர் நிம்மதியாக வேலை பார்க்கிறார். தாராவியிலும் செம்பூரிலும் நம்மவர் நடத்தும் பட்டறைகளும் உணவு விடுதிகளும் கவனிக்க வேண்டிய பாடம் இது. இதற்குச் செலவு ஒரு தாளும் பேனாவும்தான்.

இதற்கு நேர்மாறான நெகிழ்வும் உண்டு. ‘இஷ்டப்பட்ட நேரத்தில் வேலை செய்யலாம்’ என்று சொல்லி, சாப்பாடு கொண்டுவந்து கொடுக்கும் இளைஞர்களைச் செல்போன் செயலிகள் சேர்க்கின்றன. ஆனால் நல்ல வரும்படி இரவுச் சாப்பாட்டு நேரத்திலும் கொட்டும் மழையிலும்தான் வருகிறது. அந்த நேரத்தில் ஓய்வெடுத்தால் ஊக்கத்தொகை போய்விடும். ஏட்டளவில் நேரம் அவர் கையில். நடைமுறையில் கைப்பிடி வேறிடத்தில். ‘எந்த நேரத்தில் கூப்பிட்டாலும் வர வேண்டும்’ என்பதும் நெகிழ்வுதான். ஆனால் வளைகிறவர் ஊழியர் மட்டுமே.

இது உடம்பையும் பாதிக்கிறது. லண்டனில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட அரசு ஊழியர்களை 1985 முதல் தொடர்ந்து கவனித்து வரும் வைட்ஹால் ஆய்வு, தம் வேலையின் மீது தமக்கு அதிகாரம் குறைவாக உள்ளவர்களுக்கு இதய நோய் அதிகம் வருகிறது என்று 1997இல் தெரிவித்தது. வேலைப் பளுவைத் தாங்குகிற நெஞ்சு, தன் கையில் எதுவும் இல்லை என்ற நிலையை எளிதில் தாங்குவதில்லை.

நம் நாட்டில்

இந்தியாவுக்கு இந்த எண்ணம் முற்றிலும் புதிதல்ல. மத்திய அரசு அலுவலகங்கள் 1985இல் ஐந்து நாள் வாரத்துக்கு மாறின. தினசரி வேலை நேரத்தைச் சற்றுக் கூட்டிச் சனிக்கிழமையை விடுமுறையாக்கினார்கள். அன்று அரசுப் பணியில் இருந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். அந்தச் சனிக்கிழமையின் அருமையைச் சொல்வார்கள்.

2017இல் மகப்பேறு நலச் சட்டம் திருத்தப்பட்டபோது விடுப்பு 12 வாரத்திலிருந்து 26 வாரமாக உயர்ந்தது. வேலையின் தன்மை இடம் கொடுத்தால், விடுப்பு முடிந்த பின்னும் வீட்டிலிருந்து வேலை செய்யலாம் என்ற ஏற்பாடும் அதில் சேர்ந்தது. 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இது உள்ளது. ஆனால் இது இரு தரப்பும் ஒப்புக்கொண்டால் மட்டுமே. கேட்காதவருக்கு யாரும் தேடி வந்து கொடுக்கப் போவதில்லை. நம் பெண்களில் பலருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

2020 மார்ச் 25 முதல் நாடு முழுவதும் ஊரடங்கு வந்தபோது, முடியாது என்று சொல்லப்பட்டதெல்லாம் சில நாட்களில் முடிந்தது. அந்த ஆண்டு நவம்பரில் தொலைத்தொடர்புத் துறை, சேவை மையங்களுக்கான பழைய கட்டுப்பாடுகளைத் தளர்த்தி வீட்டு வேலைக்கு வழி திறந்தது. அதே ஆண்டில் டாடா கன்சல்டன்சி நிறுவனம், 2025க்குள் எந்த நேரத்திலும் தன் ஊழியரில் 25 சதவீதத்தினர் மட்டும் அலுவலகத்தில் இருந்தால் போதும் என்ற திட்டத்தை அறிவித்தது. 2023இல் அதே நிறுவனம் வாரம் ஐந்து நாளும் அலுவலகம் வர வேண்டும் என்று சொன்னது. தவறு சரி என்ற வாதத்துக்கு நாம் போக வேண்டாம். நிர்வாகம் கொடுத்ததை நிர்வாகம் திரும்ப எடுத்துக்கொள்ள முடியும் என்பதை நினைவில் வைத்துத்தான் ஊரில் வீடு கட்டுவதையும் பிள்ளைகளின் பள்ளியை மாற்றுவதையும் முடிவு செய்ய வேண்டும்.

நம் வீடுகளில்

ஷாங்காயில் முதல் தகுதியே தனி அறை என்பதை மறக்க வேண்டாம். ஓர் அறையும் சமையலறையுமாக ஐந்து பேர் வாழும் சால் வீட்டில், குக்கர் விசிலுக்கும் தொலைக்காட்சிக்கும் நடுவே மடியில் கணினியை வைத்துக்கொண்டு செய்யும் வேலை வேறு. அப்படிப்பட்டவருக்கு அலுவலகமே நிம்மதி. அவரிடம் வீட்டு வேலை முறையைத் திணிப்பதும் ஒரு கொடுமைதான்.

பெண்களின் நிலை இன்னும் சிக்கலானது. கணவருக்கு மாற்றலான ஊருக்கெல்லாம் உடன் வந்து, தன் உத்தியோகத்தை விட்டுவிட்ட பெண்கள் நம் சங்கக் குடும்பங்களில் எத்தனை பேர்! நெகிழ்வான வேலை அவர்களுக்குத் திரும்பவும் ஒரு கதவைத் திறக்கிறது. ஆனால் ‘வீட்டில்தானே இருக்கிறாய்’ என்ற ஒரு சொல் அந்தக் கதவைப் பாதி மூடிவிடுகிறது. வீட்டிலிருந்து வேலை செய்கிற மருமகளிடம் காஸ் சிலிண்டர்காரரைப் பார்த்துக்கொள்வதும், விருந்தாளிக்குக் காபி போடுவதும், பிள்ளைக்குப் பாடம் சொல்வதும் தானாகவே போய்ச் சேர்கின்றன. இரட்டைச் சுமையில் மனநிறைவு எங்கிருந்து வரும்? அலுவலகம் நெகிழ்ந்தால் மட்டும் போதாது, வீடும் கொஞ்சம் நெகிழ வேண்டும்.

நன்மையையும் சொல்ல வேண்டும். பண்டிகையை ஒட்டி நான்கு நாள் விடுப்பும், அடுத்த பத்து நாள் ஊரிலிருந்தே வேலையும் என்று அனுமதி கிடைத்தால், பெற்றோருடன் இருக்கும் காலம் மூன்று மடங்குக்கும் மேல் ஆகிறது. அப்பாவைக் கண் டாக்டரிடம் காட்டலாம். பேரப் பிள்ளைகளுக்குத் தமிழும் நாலு வார்த்தை கூடும். இந்த நன்மைக்குச் சம்பள உயர்வில் ஈடு கிடையாது.

கேட்கும் முறை

கேட்க விரும்புகிறவர்களுக்குச் சில யோசனைகள்:

முதலாவது, சலுகையாகக் கேட்காமல் ஒரு திட்டமாகக் கேளுங்கள். எந்த நாட்கள், எந்த மணி நேரத்தில் எல்லோருக்கும் கிடைப்பீர்கள், எந்த வேலை எப்போது முடியும் என்று எழுதிக் கொடுங்கள்.

இரண்டாவது, மூன்று மாதச் சோதனையாகக் கேளுங்கள். சோதனை என்றால் மேலதிகாரிக்கும் ஒப்புக்கொள்வது எளிது.

மூன்றாவது, முடித்த வேலைக்கு நீங்களே ஒரு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். பதவி உயர்வு நேரத்தில் அதுதான் உங்களுக்காகப் பேசும்.

நான்காவது, முடிந்தால் கலப்பு முறையைத் தேர்ந்துகொள்ளுங்கள். வாரத்தில் சில நாளாவது முகம் காட்டுவது நல்லது. சக ஊழியரோடு சேர்ந்து குடிக்கும் ஒரு கப் டீயிலும் வேலையின் சுவை இருக்கிறது.

ஐந்தாவது, வேலை முடிகிற நேரத்தை வீட்டாருக்கும் அலுவலகத்துக்கும் தெளிவாகச் சொல்லுங்கள். இரவு பத்து மணிக்கு வருகிற செய்திக்கெல்லாம் பதில் சொல்லப் பழகிவிட்டால், அலுவலகம் வீட்டுக்குள் குடிவந்துவிடும்.

ஆறாவது, ஒப்புக்கொண்டதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். மேலதிகாரி மாறினால் வாய்ச்சொல்லும் மாறிவிடும்.

நம் சங்கத்து அன்பர்களில் சம்பளம் வாங்குகிறவர்களும் உண்டு, சம்பளம் கொடுக்கிறவர்களும் உண்டு. கொடுக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்களிடம் வேலை பார்க்கிறவர் எத்தனை மணிக்கு வந்தார் என்று எழுதி வைக்கும் நோட்டின் பக்கத்தில், அவர் என்ன முடித்தார் என்பதையும் எழுதி வையுங்கள். ஒரு மாதம் கழித்து இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். யாருக்கு எந்த நேரத்தைத் தளர்த்தலாம், யாரோடு உட்கார்ந்து பேச வேண்டும் என்பது உங்களுக்கே விளங்கும்.